முதலாளி சரி சொன்னால் மட்டும் போதாது

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களின் கைத்தோல் பற்றியது என் பிஎச்.டி. ஆய்வு. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்து ஊற்றுவதில் தொடங்கி, கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுவது வரை எல்லாமே கைவேலை. ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரிக்கும். அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையும் கொடுக்கும். விரலிடுக்கில் வெடிப்பு வந்தவர்களுக்கு வீட்டில் மீன் கழுவினால்கூட எரிகிறது.

ஆய்வில் இரண்டு பகுதி. ஒன்று, தொழிலாளர்களிடம் பேசி, கையைப் பார்த்துப் பதிவு செய்வது. இன்னொன்று, குப்பைமேனிக் களிம்பு ஒன்றை எலியின் காயத்தில் போட்டுப் பார்ப்பது. ஆய்வு நெறிப்படி நடக்குமா என்று பார்த்து அனுமதி தருவது எத்திக்ஸ் கமிட்டி. மனிதர்களுக்கு ஒன்று, விலங்குகளுக்கு வேறொன்று. அனுமதி வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்கவே முடியும். முடித்துவிட்டுப் பின்தேதியில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விலங்குப் பகுதிக்கு 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த 1998 விதிகளும்தான் அடிப்படை. பதிவு பெற்ற விலங்குக்கூடத்தில்தான் செய்ய வேண்டும், அனுமதி கேட்கும் விண்ணப்பமான ஃபார்ம் பி நிரப்ப வேண்டும். கமிட்டியில் விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு நியமித்த வெளியாட்களும் உட்கார்ந்திருப்பார்கள். எலி இல்லாமல் முடியாதா, குறைந்த எலிகள் போதாதா, வலிக்கு என்ன மருந்து என்று கேட்டார்கள். விலங்குகளை வதைக்காமல் ஆய்வு செய்வது பற்றி ரஸ்ஸல், பர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் 1959இல் எழுதிவைத்த அதே மூன்று கேள்விகள். முதலில் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் போட்டுப் பாருங்கள், பலன் தெரிந்தால் எலிக்கு வாருங்கள் என்று முடித்தார்கள். நியாயமான முடிவு. பலனில்லாத களிம்புக்காக ஓர் எலியின் முதுகைக் கீறுவதில் எனக்கும் சம்மதமில்லை.

மனிதர்கள் பகுதிதான் நிறைய யோசிக்க வைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகளின்படி கமிட்டித் தலைவர் வெளி நிறுவனத்துக்காரராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவரும், துறை சாராத சாதாரண மனிதர் ஒருவரும் வேண்டும். எங்கள் கமிட்டியில் அப்படி வந்திருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பட்டறை முதலாளியின் அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டு, "இது நீங்க உள்ளே போறதுக்கு அம்மா. வேலை செய்யறவங்க சம்மதம் எங்கே? முதலாளி பக்கத்துல நின்னா யாரு வேண்டாம்னு சொல்லுவா?" என்றார். எத்தனை பக்கம் படித்திருந்தாலும் இந்த ஒரு கேள்விதான் என் ஆய்வுக்கு அச்சாணி.

அதன்படியே ஏற்பாடு செய்தோம். வேலை முடிந்த பிறகு, அவரவர் வீட்டில்தான் பேச்சு. யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்ற பட்டியல் முதலாளி கைக்குப் போகாது. தாள்களில் பெயருக்குப் பதில் எண். செலவாகும் நேரத்துக்கு ஒரு தொகை உண்டு. ஆசை காட்டி இழுப்பதாக ஆகிவிடாமல் அதையும் கமிட்டிதான் பார்த்து ஒப்புக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவத்தை முழுதும் படித்துக் காட்டிக் கைரேகை வாங்குவோம். பக்கத்தில் சாட்சி ஒருவர் வேண்டும். அவர் மேஸ்திரியாக இருக்கக் கூடாது, என் தோழியாகவும் இருக்கக் கூடாது. ஊர் அங்கன்வாடி டீச்சர் ஒத்துக்கொண்டார். புண் முற்றியிருந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் கூட்டிப்போவது என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம்.

ஓர் அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் தாயி" என்றார். மறுபடி போனபோது வேண்டாம் என்றார். "மொதலாளிகிட்ட சொல்லிருவியா?" என்று மெதுவாகக் கேட்டார். சொல்ல மாட்டேன், காரணமும் கேட்க மாட்டேன் என்றேன். தகவல் தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் பயமில்லாமல் மறுக்க முடிந்ததால்தான், சரி என்றவர்களின் சம்மதத்தை நான் நம்புகிறேன்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: படம் எடுப்பதாக இருந்தால் அதற்குத் தனிக் கையெழுத்து வாங்குங்கள். முகம் தெரியாவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பலருக்குக் கையில் பெயர் பச்சை குத்தியிருக்கிறது, ஊர்க்காரர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். பச்சை விழாமல் விரலை மட்டும் எடுக்கிறேன். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு வெடிப்பின் நீளத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்கிறேன்.