மேலே ஒரு நிழல்

11 குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்த தாய்க்கோழி திடீரென்று இறக்கையை விரித்துக் கத்தியது. நான் ஓடிவருவதற்குள் 10தான் இருந்தன. தரையில் ஒரே ஒரு மஞ்சள் தூவி கிடந்தது. அன்று முழுக்க மனசு சரியில்லை.

அதற்கு முன்பே சேவல் எச்சரித்திருந்தது. பருந்து தெரிந்தால் ஒரு கண்ணை வானத்துக்குச் சாய்த்து இழுத்துக் குரல் கொடுக்கும். நாய், பூனை என்றால் விடாமல் கொக்கரிக்கும். மேலிருந்து ஆபத்து என்று புரிந்ததும் கோழிகள் பதுங்க இடம் தேடும். என் தோட்டமோ வெட்டவெளி. தப்பு என்னுடையதுதான்.

இப்போது அங்கங்கே புதர்ச்செடி நட்டிருக்கிறேன். அவை வளரும்வரை செங்கல் மேல் பழைய பலகைகளைத் தூக்கி வைத்திருக்கிறேன், அடியில் நுழைந்துகொள்ளட்டும் என்று. சிடி கட்டித் தொங்கவிட்டதில் பருந்து சில நாள் மிரண்டது, அப்புறம் பழகிவிட்டது. குஞ்சுகளுக்கு, நன்றாக வளரும்வரை, வலை போட்ட கூண்டுக்குள்தான் மேய்ச்சல்.

பருந்தை அடிக்க மனம் வரவில்லை. அதன் கூட்டிலும் குஞ்சு காத்திருக்கும்.

இன்று காலை சேவல் குரல் கொடுத்த நொடியில், பெட்டைகள் எல்லாம் பலகைக்கு அடியில் இருந்தன.