314 என்ற ஊர்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கேட்வே ஆர்ச் என்ற அந்த வளைவைத்தான். மிசிசிப்பி ஆற்றங்கரையில் 630 அடி உயரத்துக்கு வெள்ளியாய் மின்னிக்கொண்டு நிற்கிறது. நானும் பார்த்தேன். உச்சிவரை ஏறினேன், படம் எடுத்தேன். ஆனால் ஊர் திரும்பியபின் யாராவது பயணத்தைப் பற்றிக் கேட்டால் என் வாய் முதலில் சொல்வது ஒரு சைனீஸ் பார்சல் கடையைத்தான்.

தங்கை அந்த ஊரின் புறநகரில் இருக்கிறாள். போன நவம்பரில் பத்து நாள் அவள் வீட்டில் தங்கினேன். காலையில் மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது என்னை நகருக்குள் இறக்கிவிட்டுவிடுவார், மாலையில் வந்து கூட்டிப்போவார். நடுவில் முழுப் பகலும் என்னுடையது. எனக்கு ஊர் சுற்றுவது என்றால் நடப்பதுதான், குளிர் மூக்கைப் பிய்த்தாலும் சரி.

ஒருநாள் பேஸ்பால் மைதானத்தின் பக்கம் போனேன். ஆட்டம் பார்க்க இல்லை. அந்த இடத்தை ஒட்டித்தான் ஒரு காலத்தில் இந்த ஊரின் சைனா டவுன் இருந்தது. ஹாப் ஆலி என்று பெயர். 1857 இல் ஆலா லீ என்ற ஒரு சீனர் தனியாக இந்த ஊருக்கு வந்து தேயிலை, காபி விற்றிருக்கிறார். அவருக்குப் பின் வந்தவர்கள் சலவைக் கடை வைத்தார்கள், மளிகைக் கடை வைத்தார்கள், சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். நூறு வருடம் அங்கே வாழ்ந்தார்கள். 1966 இல், விளையாட்டரங்கத்துக்கு வருகிறவர்களின் கார்களை நிறுத்த இடம் வேண்டும் என்று மிச்சமிருந்த கட்டடங்களையும் இடித்துவிட்டார்கள். நான் போனபோது காலியான நடைபாதையும் காற்றும்தான் இருந்தன. அந்தத் தெருவில் எத்தனை அடுப்பு எரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

சைனா டவுன் போனாலும் கடைகள் போகவில்லை. நகரின் பல பேட்டைகளில் தெருமுனைக்குத் தெருமுனை சின்னச் சின்ன சைனீஸ் கடைகள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் அவற்றைச் சாப்சூய் கடை என்றே சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது அப்படி ஒரு கடைதான். நகரின் தெற்கே, கிராவாய் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் கிடைத்தது. சிவப்புச் செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. இந்த ஊரின் செங்கல்லுக்கு ஒரு தனிச் சிவப்பு, மழையில் நனைந்தால் இன்னும் அழகு. மூலையில் ஜன்னலில் சிவப்பு நியான் விளக்கு. அதுதான் கடை.

உள்ளே நாலு எட்டு வைத்தால் கவுண்டர். கவுண்டருக்கு மேலே கனத்த கண்ணாடித் தடுப்பு, பணத்தையும் பார்சலையும் கைமாற்ற அதில் ஒரு சுழலும் பெட்டி. மேலே விளக்குப் பலகையில் நூற்றுக்கு மேல் பதார்த்தங்களின் படங்கள், வெயில் பட்டுப் பட்டு எல்லாம் நீலம் பாய்ந்திருந்தன. ஓரத்தில் செம்பட்டுத் துணி விரித்த சின்னப் பீடத்தில் நீளத் தாடியோடு குவான் கோங் சாமி, முன்னால் மூன்று ஆரஞ்சுப் பழம். உட்கார ஒரே ஒரு மேசை, மூன்று நாற்காலி. அந்த மேசையில் ஒரு பத்து வயதுப் பெண் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திருமங்கலத்தில் அப்பா மெஸ் நடத்தினார். நான் பத்தாவது வரைக்கும் படித்ததெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்து பெஞ்சில்தான். மேசையில் ஆள் உட்கார்ந்தால் நோட்டை மடித்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும், ஆள் போனதும் துடைத்துவிட்டு மறுபடி விரிக்க வேண்டும். இவளும் என்னைப் பார்த்ததும் சட்டென்று நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். "நீ உட்காரும்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது போல, உட்கார்ந்தாள்.

எனக்கு முன்னால் ஒரு கறுப்பினத்துப் பெரியவர் பார்சலுக்குக் காத்திருந்தார். நான் பலகையை அண்ணாந்து பார்த்து முழிப்பதைப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ யோசிக்காதீங்க. செயின்ட் பால் வாங்குங்க. நான் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து சாப்பிடுறேன்" என்றார்.

செயின்ட் பால் என்பது ஒரு சாண்ட்விச். சீனாவில் போய்க் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, அமெரிக்காவிலேயே இந்த ஊர்ப் பக்கத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கிடைக்காது. மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரத்திலிருந்து வந்த ஒரு சீனச் சமையல்காரர் 1940களில் செய்து, தன் ஊர்ப் பெயரையே வைத்தார் என்று சொல்கிறார்கள். சாதாரண வெள்ளை ரொட்டி இரண்டு துண்டு, நடுவில் எக் ஃபூ யங் என்கிற முட்டை அடை, மயோனைஸ், லெட்டூஸ் கீரை, தக்காளி, ஊறவைத்த வெள்ளரி. அவ்வளவுதான். நம் ஊர் தள்ளுவண்டியில் கிடைக்கும் மஞ்சூரியனும் இப்படித்தானே? மஞ்சூரியாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சீன வம்சாவளிச் சமையல்காரர் பம்பாயில் செய்தது. எந்த ஊரில் அடுப்பு மூட்டுகிறார்களோ அந்த ஊர் நாக்குக்குச் சமைக்கிறார்கள். இதைப் போலி என்று சிலர் ஒதுக்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பிழைக்க வந்த இடத்தில் அறிமுகமே இல்லாத மனிதர்களுக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பது எவ்வளவு பெரிய வித்தை!

கண்ணாடி வழியாக அடுப்படி தெரிந்தது. அந்தப் பெண்ணின் அப்பா அடுப்பில் நின்றார். வாணலிக்குக் கீழே நெருப்பு விமான எஞ்சின் மாதிரி இரைந்தது. தீயைக் கூட்டவும் குறைக்கவும் அவர் கையை எடுக்கவே இல்லை. அடுப்பின் முன்பக்கம் ஒரு நெம்புகோல், அதை முழங்காலால் தள்ளினார். முட்டையோடு முளைகட்டிய பயறு, வெங்காயம் எல்லாம் கலந்து வைத்திருந்த பாத்திரத்திலிருந்து ஒரு பெரிய கரண்டி மொண்டார். கரண்டியை எண்ணெய்க்குள் மெல்ல இறக்கி, சற்று நிறுத்தி, சரித்தார். முட்டை நழுவி எண்ணெயில் விழுந்து அப்பளம் மாதிரிப் பூத்தது. ஓரமெல்லாம் சரிகை போலச் சுருண்டு பழுப்பேறியது. ஜல்லிக்கரண்டியால் ஒரு புரட்டு, ஒரு அழுத்து, எடுத்து வடியவிட்டார். எங்கள் மதுரைப் பக்கத்துக் கரண்டி ஆம்லெட்டுக்கு இது சித்தப்பா மகன் என்றே தோன்றியது.

மெழுகுத்தாளில் சுற்றி வந்தது. விலை நாலு டாலரும் கொஞ்சம் சில்லறையும். மேசையில் அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து பிரித்தேன். சூடான முட்டையின் எண்ணெய் ரொட்டியில் இறங்கி, ரொட்டி விரல் பட்ட இடத்தில் குழைந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பயறின் நறுக்நறுக், அப்புறம் வெள்ளரியின் புளிப்பு சுருக்கென்று. கொஞ்சம் மிளகாய் எண்ணெய் கேட்டு வாங்கி விட்டுக்கொண்டேன். இன்னொன்று சொன்னேன்.

அதற்குள் மணி மூன்று ஆகிவிட்டது. மதியக் கூட்டம் ஓய்ந்து ராத்திரிக் கூட்டம் தொடங்காத நேரம். எந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் கடைக்காரர்களுக்குச் சொந்தம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெண்ணின் அம்மா வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும், நான் அக்கா என்றே சொல்கிறேன். கையில் ஒரு கூடை ஸ்னோ பீஸ், தோலோடு சமைக்கும் பட்டாணிக்காய். எதிரே உட்கார்ந்து நார் உரிக்கத் தொடங்கினார். நானும் கையை நீட்டி ஒரு பிடி அள்ளி உரித்தேன். முதலில் தடுத்தார், நான் உரிக்கும் வேகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டிலும் கடைதான் என்றேன். பெண் அதைச் சீன மொழியில் சொன்னாள். அதற்கப்புறம் பேச்சு நின்றதே இல்லை. அவர் கொஞ்சம் ஆங்கிலம், நான் கொஞ்சம் ஆங்கிலம், நடுவில் அந்தக் குழந்தை.

அவருக்குச் சொந்த ஊர் ஃபுஜியன் மாகாணத்து ஃபூசோ பக்கம் ஒரு கடலோரக் கிராமம். நியூயார்க்கில் வந்து இறங்கினாராம். மன்ஹாட்டன் பாலத்தடியில் வேலை பிடித்துக்கொடுக்கும் ஏஜென்சிகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் சீட்டுகளில் ஊர்ப் பெயர் இருக்காது. என்ன வேலை, எவ்வளவு சம்பளம், பஸ்ஸில் எத்தனை மணி நேரம், அப்புறம் அந்த ஊரின் தொலைபேசிக் குறியீட்டு எண் மூன்று இலக்கத்தில். ஆங்கிலப் பெயர்களை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எண்தான் ஊர்.

"எனக்குக் கிடைச்ச சீட்டுல 314 னு இருந்ததாம்" என்று பெண் சொன்னாள், அம்மாவின் கதையைத் தன் கதை மாதிரியே. "314 எங்க இருக்குன்னு தெரியாது. ராத்திரி முழுக்க பஸ். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் அம்மாவுக்கு ஊர்ப் பேர் சரியாச் சொல்ல வந்துச்சு."

அக்கா ஆமாம் என்று தலையாட்டி, விரலால் மேசையில் 3, 1, 4 என்று எழுதிக் காட்டினார்.

வேலை பார்த்த கடை முதலாளியின் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே தங்கி, சம்பளத்தை அப்படியே சேர்த்து, அமெரிக்கா வர வாங்கிய கடனை அடைத்து, அங்கே அடுப்பில் நின்றவரையே கல்யாணம் செய்துகொண்டு, ஒன்பது வருடம் முன்பு இந்தக் கடையைப் பழைய முதலாளியிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள். படங்களும் பலகையும் அவர் விட்டுப்போனவைதான். வாரத்தில் ஆறு நாள் கடை, செவ்வாய் லீவு. வளைவின் உச்சிக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம்.

ஏன் எல்லோரும் சாப்பாட்டுக் கடைக்கே வந்தார்கள் என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1882 இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. சீனக் கூலித் தொழிலாளர்கள் இனி உள்ளே வரக்கூடாது, வணிகர்கள் வரலாம். 1915 இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக முதலாளியையும் வணிகராகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. கதவில் அந்த ஒரு இடுக்குதான் திறந்தது. சொந்தக்காரர்கள் கூடிப் பணம் போட்டுக் கடை திறந்தார்கள், முறை வைத்து ஆளுக்கொரு காலம் நிர்வாகியாக இருந்தார்கள், மனைவி மக்களைப் பார்த்துவரவும் அழைத்துவரவும் அதுவே வழியானது. 1943 இல் சட்டத்தை நீக்கியபோதும் வருடத்துக்கு 105 பேருக்குத்தான் அனுமதி. ஒரு கல்யாணப் பந்திக்கே காணாது அந்த எண்ணிக்கை. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பெண் கணக்கை முடித்துவிட்டு அடுத்த வேலைக்கு வந்தாள். சோறு கட்டும் வெள்ளைக் காகிதப் பெட்டிகள், கம்பிக் கைப்பிடி வைத்தவை, ஒன்றுக்குள் ஒன்று செருகிய அடுக்காக வந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினாள். 1894 இல் சிகாகோவில் ஃபிரடெரிக் வில்காக்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய பெட்டி அது, சிப்பிக்கறி கட்டிக்கொண்டு போகப் பயன்பட்ட வகை. ஒரே தாள்தான். ஒட்டு இல்லாமல் மடித்தே செய்வதால் அடியில் ஒழுகாது. "இதப் பாருங்க" என்று கம்பியைக் கழற்றி நாலு மூலையையும் பிரித்து மேசையில் வைத்தாள். பெட்டி தட்டாகிவிட்டது!

அப்பா வாழையிலையில் சாப்பாடு கட்டுவதை அவளுக்குச் சொன்னேன். இலையைத் தணலில் வாட்டி, சோற்றை நடுவில் கொட்டி, நாலு பக்கமும் மடித்து, மேலே நூல் கண்டிலிருந்து இழுத்து இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, பட்டென்று அறுப்பார். பிரித்தால் அதுவே தட்டு. மேசையில் இருந்த மெழுகுத்தாளை எடுத்து மடித்துக் காட்டினேன். அவள் உடனே திருப்பிச் செய்தாள். மூன்றாம் தடவை என்னைவிட நன்றாகவே வந்தது.

அப்போது அவள் அப்பா உள்ளேயிருந்து ஏதோ குரல் கொடுத்தார். அக்கா எழுந்து போய் நாலு கிண்ணத்தோடு வந்தார். "பன்றிக்கறி சாப்பிடுவீங்களான்னு அம்மா கேட்கிறாங்க." சாப்பிடுவேன் என்றேன். கிண்ணத்தில் தெளிந்த சூப், அதில் பால் வெள்ளையாக மூன்று மீன் உருண்டைகள், மேலே வெங்காயத்தாள். கடித்தால் மீனுக்குள்ளே கொத்திய கறி, சாறு நாக்கில் கொட்டியது. ஃபூசோ ஊர்ப் பதார்த்தம் இது. பக்கத்தில் ஆவியில் வெந்த கீரையும் வெறும் சோறும். பலகையில் இருந்த நூற்றுச் சொச்சப் படங்களில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

"இதை ஏன் விற்கிறதில்லை?"

அக்கா பெண்ணைப் பார்த்தார். பெண் மொழிபெயர்க்காமல் தானே பதில் சொன்னாள். "இது எங்க சாப்பாடு."

அவள் அப்பாவும் வெளியே வந்து, நாற்காலி இல்லாததால் கவுண்டரில் சாய்ந்து நின்றே சாப்பிட்டார். என்னிடம் அவர் பேசியது ஒரே வார்த்தை. என் கிண்ணத்தைக் காட்டி, "நல்லா?" என்றார். "ரொம்ப நல்லா" என்றேன். இன்னொரு உருண்டை எடுத்து என் கிண்ணத்தில் போட்டார்.

வாசல் மணி அடித்தது. பள்ளிச் சீருடையில் மூன்று பையன்கள், கையில் சில்லறையை எண்ணிக்கொண்டே வந்தார்கள். அவர் பாதிக் கிண்ணத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு உள்ளே போனார். அடுப்பு மறுபடி இரைந்தது. அக்கா தன் சோற்றின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் போனார். பெண் நோட்டையும் கிண்ணத்தையும் அள்ளிக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன், எங்கள் மெஸ்ஸில் எழுந்த பழக்கம். ஓரத்தில் கிடந்த துணியை எடுத்து மேசையைத் துடைத்துவிட்டு, அந்தப் பையன்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.