ஈடா நகரில் மூன்று அரசுகளின் வீரர்கள்

ஜப்பானின் நகானோ மாநிலத்தின் தெற்கே மலைகள் சூழ்ந்திருக்கும் ஈடா என்ற சிறு நகரத்துக்கு நான் போனது ஓர் அருங்காட்சியகத்துக்காக மட்டுமே. சீனா மூன்று அரசுகளாகப் பிரிந்து போரிட்ட காலத்தைச் சொல்லும் பெருநாவலான 'மூன்று அரசுகளின் காதை'யை ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1982 அக்டோபர் முதல் 1984 மார்ச் வரை 68 பகுதிகள் கொண்ட பொம்மலாட்டத் தொடராக ஒளிபரப்பியது. அதற்குப் பொம்மைகள் செய்த கிஹாச்சிரோ கவாமொட்டோவின் பெயரில் 2007இல் இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து நெடுந்தூரப் பேருந்தில் நான்கு மணி நேரத்துக்கு மேலாகிறது. மலைப்பாதை என்பதால் அலுப்புத் தட்டவில்லை.

இந்த ஊரில் ஏன் என்று கேட்கத் தோன்றும். சுற்றுவட்டாரத்தில் குரோடா, இமாடா என்னும் ஊர்களின் பொம்மலாட்டக் குழுக்கள் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் கலையைக் காத்து வருகின்றன. ஆகஸ்டு தோறும் நகரமே பொம்மலாட்ட விழாவில் மூழ்கிவிடுகிறது. 1947இல் பெருந்தீயில் அழிந்து மீண்ட நகரம் இது என்பதும், அதன் பின் பள்ளி மாணவர்கள் நட்டுத் தொடங்கிய ஆப்பிள் மர வரிசை இன்றும் நடுத்தெருவில் காய்க்கிறது என்பதும் கூடுதல் செய்தி.

உள்ளே மங்கலான வெளிச்சத்தில் பொம்மைகள் நிற்கின்றன. சிவந்த முகமும் நீண்ட தாடியுமாகக் குவான் யூ, உருட்டிய விழிகளும் முள்முள்ளான தாடியுமாகச் சாங் ஃபெய், இறகு விசிறியுடன் வெளுத்த முகத்துப் போர்த்தந்திர மேதை ட்சுகே லியாங். ஆட்டுபவர் கீழே மறைந்திருந்து ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டே கண்ணையும் வாயையும் அசைக்க, மறு கை பொம்மையின் கைகளை இயக்குகிறது. ட்சுகே லியாங்கின் முகத்தை இடப்பக்கமிருந்து பார்த்தபோது ஏளனமாகவும், தலை சற்றுத் தாழ்ந்த கோணத்தில் பார்த்தபோது துயரமாகவும் தெரிந்தது. செதுக்கிய கோடு ஒன்றுகூட மாறவில்லை. ஜப்பானின் மரபு மேடைக்கலையான 'நோ' நாடகத்தின் முகமூடிகளின் சூட்சுமம் இதுவே. 1963இல் பிராகுக்குச் சென்று செக் பொம்மைப் பட இயக்குநர் யிர்ஷி டிர்ன்காவிடம் பொம்மைப் படக் கலை பயின்ற கவாமொட்டோ, அந்தப் பயிற்சியோடு தம் நாட்டு மரபையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு எடுபட்டிருக்காது என்றே எனக்குப் படுகிறது. நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் வந்துபோகும் கதையில், பார்த்த மாத்திரத்தில் இன்னார் எனத் தெரியும் முகம் வேண்டும். அதைப் பொம்மையே தர முடியும்.

ஒரு குறை உண்டு. மூல நாவல் 120 அத்தியாயங்கள் கொண்டது. ட்சுகே லியாங் 104ஆம் அத்தியாயத்திலேயே இறந்துவிடுகிறார், கதையோ கி.பி. 280இல் நாடு மீண்டும் ஒன்றாகும் வரை செல்கிறது. தொடர் அவர் மரணத்தோடு முடிந்துவிடுகிறது. இதே கதையை எழுத்தாளர் எய்ஜி யோஷிகாவா 1939இல் எழுதத் தொடங்கிய ஜப்பானிய நாவலும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டதால், ஜப்பானிய ரசிகர்கள் பலருக்கு இது ஒரு மேதையின் தோல்விக் கதையாகவே பழகிப்போயிருக்கிறது. வென்றவர்களுக்கும் நாவலில் இடமுண்டு என்பது மறைந்துபோவதை என்னால் முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை.

கவாமொட்டோ பின்னர் ஜப்பானியப் போர்க் காவியமான 'ஹெய்கே'யின் பொம்மலாட்டத் தொடருக்குச் செய்த பொம்மைகளும் இங்கே உள்ளன. காட்சியில் இருப்பவற்றை அவ்வப்போது மாற்றிவிடுவதால், குறிப்பிட்ட ஒரு வீரரைக் காண விரும்புபவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.