எல்லாரும் சமம்னு சொன்னா யாருக்கு வலிக்கும்?

நியூசிலாந்து பார்லிமென்ட்ல ஒரு எம்.பி. ஹாக்கா (இந்த நாட்டுப் பூர்வகுடி மாவோரி மக்களோட பாரம்பரிய ஆட்டம்) ஆடுன அந்த வீடியோ வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, இன்னும் ஊர்ல இருந்து யாராவது வாட்ஸ்அப்ல அனுப்பிட்டே இருக்காங்க, "உங்க ஊர் பார்லிமென்ட்ல ஒரு பொண்ணு பேப்பரைக் கிழிச்சுட்டு ஆடுதே, பார்த்தியா"ன்னு. பார்த்தேன், பல தடவை பார்த்தேன். ஆனா அனுப்புற முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாது, இங்க ஆக்லாந்துல இருக்கிற நம்ம ஆளுங்கள்லயும் பல பேருக்கு அதே நிலைமைதான். அதான் இந்தப் போஸ்ட்.

கிழிபட்டது ட்ரீட்டி பிரின்சிபிள்ஸ் மசோதா, அதாவது 1840ல பிரிட்டிஷ் ராணி தரப்பும் மாவோரி குலத்தலைவர்களும் போட்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தோட கோட்பாடுகள் என்னன்னு சட்டமா எழுதப் பார்த்த மசோதா. ஆக்ட் கட்சித் தலைவர் டேவிட் சீமோர் கொண்டுவந்தது. 2023 தேர்தலுக்கு அப்புறம் கூட்டணி பேசும்போது ஆட்சிக்குத் தலைமை தாங்குற நேஷனல் கட்சி அவருக்கு ஒரு வாக்கு குடுத்துச்சு, முதல் வாசிப்பு வரைக்கும் கூட வர்றோம், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்கன்னு. அந்த முதல் வாசிப்புதான் 2024 நவம்பர் 14. ஓட்டு எண்ணுற நேரத்துல தே பாட்டி மாவோரி கட்சியோட 22 வயசு எம்.பி. ஹனா-ராவிட்டி மைபி-கிளார்க் எழுந்து மசோதாவை ரெண்டா கிழிச்சுட்டு "கா மாத்தே"ங்கிற ஹாக்காவை ஆரம்பிக்க, மேல கேலரில இருந்தவங்களும் சேர்ந்துக்க, சபாநாயகர் ஜெரி பிரவுன்லீ சபையை நிறுத்தி கேலரியைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு.

சரி, மசோதா என்னதான் சொல்லுச்சு? அரசாங்கத்துக்கு ஆளுற அதிகாரம் முழுசா உண்டு, மாவோரி குலங்களுக்கு 1840ல இருந்த உரிமையை மதிப்போம் ஆனா மத்தவங்களுக்கு இல்லாத உரிமைன்னா ஏற்கனவே அரசோட போட்ட நஷ்டஈடு செட்டில்மென்ட்ல எழுதியிருந்தாதான் செல்லும், சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம். பார்லிமென்ட் பாஸ் பண்ணிட்டா பொது வாக்கெடுப்பு வெச்சு முடிவு பண்ணலாம். படிச்சா தப்பாவே தெரியாது இல்ல? நம்ம பேட்மின்டன் கும்பல்ல ஒரு அண்ணன் இருக்காரு, நல்ல மனுஷன், யாருக்கு வீடு மாத்தணும்னாலும் முதல் ஆளா வந்து நிப்பாரு, அவரு ஒரே போடா போட்டாரு, "நானும் டாக்ஸ் கட்டுறேன் தம்பி, அவனும் கட்டுறான், அப்புறம் என்ன அவனுக்கு மட்டும் ஸ்பெஷலு? அங்கயும் ரிசர்வேஷன், இங்கயும் ரிசர்வேஷனா?"

ரிசர்வேஷன் பத்தி அவர்கிட்ட எனக்கு இருக்கிற சண்டை தனி, அதை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். ஆனா இது சலுகை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லங்க, ஒரு அக்ரிமென்ட் சம்பந்தப்பட்டது. வாடகைக்கு வீடு விடும்போது ரெண்டு காப்பி போடுறோம்னு வைங்க, நீங்க கையெழுத்து போட்ட காப்பில "வீடு உங்களோடதுதான், வெளிய வரவு செலவு மட்டும் நான் பார்த்துக்குறேன்"னு இருக்கு, என் பீரோல இருக்கிற காப்பில "வீடே எனக்கு எழுதிக் குடுத்துட்டீங்க"ன்னு இருக்கு, வைத்தாங்கி ஒப்பந்தத்துல நடந்தது ஏறக்குறைய அதுதான். ஹென்றி வில்லியம்ஸ்ங்கிற மிஷனரியும் அவர் மகனும் 1840 பிப்ரவரி 4 ராத்திரி உக்காந்து ஒரே ராத்திரில மாவோரிக்கு மாத்துனாங்க. இங்கிலீஷ்ல இறையாண்மையை மொத்தமா ராணிக்குக் குடுக்கிறதா இருக்கிற இடத்துல மாவோரில "கவானதங்கா", அதாவது கவர்னர் பண்ற நிர்வாக வேலை. நிலம், ஊரு, அவங்க பொக்கிஷமா நினைக்கிற எல்லாத்து மேலயும் குலத்தலைவர்களோட முழு அதிகாரம், "தினோ ரங்கத்திரதங்கா", அவங்ககிட்டயே இருக்கும்னு அடுத்த பிரிவு சொல்லுது. கையெழுத்து போட்ட 500க்கு மேல தலைவர்கள்ல வெறும் 39 பேர்தான் இங்கிலீஷ் காப்பில போட்டாங்க, மீதிப் பேர் எல்லாம் மாவோரி காப்பில.

இதுல நமக்கு ஒரு சின்ன தொடர்பு இருக்கு, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெலிங்டன் தே பாப்பா மியூசியத்துல ஒரு ஒடைஞ்ச வெண்கல மணி இருக்கு, மேல பழைய தமிழ் எழுத்துல முகைய்யதீன் வக்குசு கப்பல் மணின்னு வெட்டியிருக்கும். 1830கள்ல வாங்கரேய் பக்கம் மாவோரி பெண்கள் அதைப் பானையாக் கவுத்து உருளைக்கிழங்கு வேக வெச்சுட்டு இருந்ததைப் பார்த்து வில்லியம் கொலென்சோன்னு ஒரு மிஷனரி, அச்சுக்காரர், வாங்கிட்டு வந்தாரு. (இதை வெச்சு "நியூசிலாந்தைக் கண்டுபிடிச்சதே தமிழன், மாவோரியும் தமிழன்தான்"னு ஃபார்வேர்டு பண்றவங்களுக்கு ஒரு கும்பிடு. அந்த மணி எப்படி இங்க வந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது.) அதே கொலென்சோதான் 1840 பிப்ரவரி 6 அன்னைக்கு, தலைவர்கள் கையெழுத்து போட வரிசையா கிளம்புற நேரத்துல, கவர்னர் ஹாப்சனை நிறுத்தி, இவங்களுக்கு இதுல இருக்கிறது புரிஞ்சிருக்குன்னு நினைக்கிறீங்களான்னு கேட்டவரு. ஹாப்சன், புரியலன்னா அது என் குத்தம் இல்ல, என்னால முடிஞ்சதை நான் பண்ணிட்டேங்கிற மாதிரி பதில் சொல்லி அனுப்பிட்டாரு. அப்புறம் ஒவ்வொருத்தர் கையெழுத்து போடும்போதும் கை குடுத்து "நாம இப்போ ஒரே மக்கள்"னு மாவோரில சொன்னாரு. இன்னைக்கு "ஒரே சட்டம், ஒரே மக்கள்"னு பேசுறவங்க அந்த வரியைத்தான் புடிச்சுட்டு தொங்குறாங்க, கொலென்சோ கேட்ட கேள்வியை யாரும் எடுக்கிறதில்ல.

அதுக்கப்புறம் நடந்தது கொடுமை. 1863ல வைக்காட்டோங்கிற மாவோரி பகுதிக்குள்ள அரசு படை போச்சு, அங்க மட்டும் 12 லட்சம் ஏக்கர் பறிமுதல். 1877ல தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட் அந்த ஒப்பந்தமே செல்லாக்காசுங்கிற அளவுக்குத் தீர்ப்பு எழுதுனாரு. 1975ல கிட்டத்தட்ட 80 வயசுல ஃபினா கூப்பர் பாட்டி வடக்கு முனைல இருந்து வெலிங்டன் வரைக்கும் நில ஊர்வலத்தைக் கூட்டிட்டு வந்தாங்க, அதே வருஷம்தான் ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்கிற வைத்தாங்கி ட்ரிபியூனல் வந்துச்சு, பழைய கதை வரைக்கும் விசாரிக்கிற அதிகாரம் வர இன்னும் பத்து வருஷம் ஆச்சு. 1995ல வைக்காட்டோ மக்களுக்கு 170 மில்லியன் டாலர், கூடவே மன்னிப்பு, அந்தச் சட்டத்துல எலிசபெத் ராணியே நேர்ல வந்து கையெழுத்து போட்டாங்க. போனதோட மதிப்புக்கு அது ஓரத்துக்குக்கூட காணாது.

சீமோர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க வேணாம். 1986ல ஒரு சட்டத்துல "ஒப்பந்தத்தோட கோட்பாடுகளுக்கு எதிரா அரசு நடக்கக் கூடாது"ன்னு எழுதிட்டு, அந்தக் கோட்பாடு என்னன்னு பார்லிமென்ட் எழுதவே இல்ல. 1987ல கோர்ட்தான் அது பார்ட்னர்ஷிப் மாதிரி, ரெண்டு பேரும் நல்லெண்ணத்தோட நடக்கணும்னு அர்த்தம் சொல்லுச்சு. ஜட்ஜுங்க சொல்லலாம், ஜனங்க சொல்லக் கூடாதான்னு அவர் கேக்குறதுல தப்பில்ல. அவருக்கும் மாவோரி வம்சாவளி உண்டு, அதனால இது வெள்ளைக்காரன் வெர்சஸ் மாவோரின்னு எளிதா முடிக்கிற கதையும் இல்ல. ஆனா ரெண்டு பேர் போட்ட அக்ரிமென்ட்டுக்கு அர்த்தம் என்னன்னு வாக்கெடுப்பு வெக்கிறோம், ஒரு பார்ட்டி ஜனத்தொகைல 18 சதவீதம்கூட இல்ல, அப்போ ரிசல்ட் என்னன்னு எண்ணிப் பார்க்கவே தேவையில்ல. இதை அந்த அண்ணன்கிட்ட சொன்னப்போ மட்டும் கொஞ்ச நேரம் பேசாம ஷட்டில் காக்கோட இறகை நீவிட்டு இருந்தாரு.

ஹாக்காவுக்கு முந்தின நாள் மசோதாவை எதிர்த்து ஊர்வலம் ஆக்லாந்து ஹார்பர் பிரிட்ஜ் வழியாப் போச்சு, நான் ஆபீஸுக்கு லீவ் சொல்லிட்டு போனேன். சத்தமான கும்பலா இருக்கும்னு நினைச்சா பாதிக்கு மேல குடும்பங்கள், தள்ளுவண்டில குழந்தை, வீல்சேர்ல பாட்டி, சிவப்பு கறுப்பு வெள்ளை மாவோரி கொடியைத் தோள்ல போத்திக்கிட்டு ஸ்கூல் பசங்க. என்னைப் பார்த்து ஒரு ஆன்ட்டி ஒரு கொடியை நீட்டி, "பிடி தம்பி"ங்கிற மாதிரி தலையை ஆட்டுனாங்க, ஏன் வந்த எதுக்கு வந்தன்னு ஒரு கேள்வி இல்ல. ஆறு நாள் கழிச்சு வெலிங்டன்ல 42,000 பேர்னு போலீஸ் கணக்கு.

அடுத்து தண்டனை. 2025 ஜூன்ல மைபி-கிளார்க்குக்கு 7 நாள் சஸ்பென்ஷன், கூட ஆடுன அவங்க கட்சியோட ரெண்டு தலைவர்கள், ராவிரி வைட்டிட்டி, டெபி நாரேவா-பேக்கர், ஆளுக்கு 21 நாள். அதுக்கு முன்னாடி இந்த நாட்டுல ஒரு எம்.பி.க்குக் குடுத்த அதிகபட்சமே 3 நாள்தான். ஓட்டு நடக்கும்போது சீட்டை விட்டு எழுந்து ஆக்ட் கட்சிக்காரங்க முன்னாடி போய் நின்னது விதிமீறல்தான், ஒத்துக்குறேன், ஒரு தண்டனை குடுத்திருக்கலாம். 21 நாள் அந்த விதிக்காகன்னு நான் நம்பல. ரக்பி மேட்ச்ல இதே கா மாத்தே ஆடுனா நாடே எழுந்து நின்னு கை தட்டும், 2014ல இதே பார்லிமென்ட் இதை உருவாக்குனது தே ரவ்பராஹாங்கிற மாவோரி தலைவர்னு அங்கீகரிச்சு தனியா சட்டமே போட்டுச்சு. வியாபாரத்துக்காக வெளியிட்டா அவர் பேரைச் சொல்லணும்னு சொன்ன சபை, உள்ளுக்குள்ள ஆடுனவங்களை மிரட்டுறாங்கன்னு சொல்லி வெளிய அனுப்புது.

மசோதா கடைசில 2025 ஏப்ரல் 10ல 112க்கு 11ன்னு தோத்துப் போச்சு, ஆக்ட் கட்சியோட 11 பேரைத் தவிர ஒருத்தரும் கூட நிக்கல. வந்த கருத்து மனுக்கள் 3 லட்சத்துக்கும் மேல, இந்த நாட்டுல எந்த மசோதாவுக்கும் அவ்வளவு வந்ததில்ல, அதுல 90 சதவீதம் எதிர்ப்பு. ஆனா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அதே வருஷம் அக்டோபர்ல நடந்த உள்ளாட்சித் தேர்தல்ல மாவோரி வார்டு (உள்ளூர் கவுன்சில்ல மாவோரிகளுக்குன்னு ஒதுக்குற இடம்) வேணுமா வேணாமான்னு கேட்ட ஊர்கள்ல பாதிக்கும் மேல வேணாம்னு சொல்லிட்டாங்க, சீமோரும் விடப் போறதில்லன்னு சொல்லிட்டாரு.

"நமக்கெதுக்கு தம்பி இந்த வம்பு, நாம வந்தோமா வேலையைப் பார்த்தோமா"ன்னு அண்ணன் கேட்டாரு. மாவோரிங்க நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க, தங்கத்தா திரிட்டி, ஒப்பந்தத்தால இங்க வந்த மக்கள். என் பாஸ்போர்ட்ல ரெசிடென்ட் விசா அடிச்ச கவர்மென்ட்டுக்கு அந்த அதிகாரம் 1840 காகிதத்துல இருந்துதான் வருது. அதோட இந்த நாட்டுல ஓட்டு போட சிட்டிசனா இருக்கணும்னுகூட இல்ல, ரெசிடென்ட் விசாவோட ஒரு வருஷம் தொடர்ந்து இருந்தாப் போதும். மசோதா பாஸ் ஆகி வாக்கெடுப்பு நடந்திருந்தா அண்ணனும் போய் டிக் அடிச்சிருப்பாரு, நானும் அடிச்சிருப்பேன், நாங்க ரெண்டு பேருமே போடாத அக்ரிமென்ட்டுக்கு.