பி.எச்.5: வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில்

இந்த பி.எச்.5 தொங்குவிளக்கு கோபன்ஹேகனில் ஒரு பழைய சாமான் சந்தையில் 500 டேனிஷ் குரோனருக்குக் கிடைத்தது. வெளித்தட்டில் இரண்டு நசுங்கல், வயர் காய்ந்து விறைத்திருந்தது. என்ன விளக்கு என்று விற்றவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டை உள்ளும் புறமும் பூசிவைத்திருந்தார். அதனால்தான் அவ்வளவு மலிவு.

டேனிஷ் வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சன் (பி.எச். என்பது இவர் பெயரின் முதலெழுத்துகள்) 1958இல் லூயி போல்சன் விளக்கு நிறுவனத்துக்காக வடிவமைத்தது இது. பெரிய தட்டின் விட்டம் 50 செ.மீ.; பெயரில் உள்ள 5 அந்த ஐம்பதைத்தான் குறிக்கிறது. உள்ளே சிவப்புக் கூம்பும் நீலச் சிறுதட்டும் இருக்க வேண்டும். அழகுக்காக வைத்தவை அல்ல. நம் கண் மஞ்சள், பச்சை ஒளிக்குக் கூர்மை; சிவப்புக்கும் நீலத்துக்கும் மந்தம். அந்த இரண்டையும் கொஞ்சம் ஏற்றிவிட்டால் வெளிச்சம் இதமாகும் என்பது அவர் கணக்கு. மூடிக்கிடந்தது அந்தக் கணக்குதான்.

முதலில் உப்புத்தாள் எடுத்தேன், நல்லவேளை தேய்க்கவில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசி கிளப்பக் கூடாது. கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டேன். காலையில் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பியதும் வெள்ளை தோலாக உரிந்து வந்தது. அடியில் சிவப்பு! நீலத்தட்டு அவ்வளவு சுலபத்தில் விடவில்லை, மூன்று நாள் பிடித்தது. அவசரப்பட்டதில் விளிம்பில் அசல் நீலமும் கொஞ்சம் போய்விட்டது.

ஹோல்டரும் வயரும் புதிது. அதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டேன்.

எரியவிட்டால் ஏமாற்றம். மேல்தட்டுகள் இருட்டாகவே கிடந்தன. கோளாறு விளக்கில் இல்லை, பல்பில். நான் போட்ட எல்.இ.டி. பல்பில் ஹோல்டரை ஒட்டிய பாதி வெறும் பிளாஸ்டிக், ஒளி ஒரே பக்கமாகப் பாய்கிறது. இந்தத் தட்டுகளோ எல்லாப் பக்கமும் ஒளி வீசும் பழைய குண்டு பல்புக்கு ஏற்றவை. முழுக்கப் பால்கண்ணாடியாலான இழை எல்.இ.டி. மாற்றினேன். அப்புறம்தான் தட்டுகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

சாப்பாட்டு மேசைக்கு மேலே 60 செ.மீ. உயரத்தில் தொங்குகிறது. பல்பு கண்ணில் படுவதே இல்லை. நசுங்கலை எடுக்கப்போவதில்லை, தட்டிச் சரிசெய்தால் விளக்கின் அசல் பெயிண்டும் உதிரும். நீல விளிம்பை மட்டும் என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்திருக்கிறேன்.