அழித்த நான்கு வரிகள்

"டி.ஓ.ஆர்.ல கேட்டிருக்காங்களாப்பா?"

சார் கேட்டது இவ்வளவுதான். அறிக்கையில் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று அமைச்சகம் கொடுக்கும் பட்டியல்தான் டி.ஓ.ஆர். குரலைக்கூட உயர்த்தவில்லை. "இல்லை சார்" என்றேன். "அப்புறம் எதுக்கு?" என்றார். இருக்கைக்குத் திரும்பி வந்து அந்தப் பத்தியை அழித்துவிட்டேன். 2017 ஏப்ரல். இத்தனை வருடம் கழித்தும் அந்த இரண்டு நிமிடம் என்னை விட்டுப் போகவில்லை.

குஜராத்தில் ஒரு துரப்பணத் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை அது. நிலத்தடி நீர்ப் பகுதி என் பொறுப்பு. நீரியல் விரிசல், அதாவது ஃப்ராக்கிங், செய்யவும் வாய்ப்பு உண்டு என்று திட்ட விவரத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. ஆழத்துப் பாறையைப் பிளந்து எண்ணெய், எரிவாயு எடுக்க மணலும் ரசாயனமும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். அதில் ஒரு பங்கு மேலே திரும்பி வரும்போது ஆழத்து உப்பையும், பேரியத்தையும், சில இடங்களில் ரேடியத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். அந்த நீரை எங்கே தேக்குவீர்கள், மழைக்காலத்தில் குழி நிரம்பி வழிந்தால் என்ன செய்வீர்கள் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். ஷேல் என்ற இறுகிய களிமண் பாறையில் தோண்டும் கிணற்றுக்கு வழக்கமான விரிசலைவிட 5 முதல் 10 மடங்கு திரவம் தேவைப்படும் என்று 2016-இல் மத்திய அரசின் ஹைட்ரோகார்பன் இயக்குநரகமே சொல்லியிருந்தது. அதையும் சேர்த்திருந்தேன்.

சாரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கும்பகோணத்துக்காரர். டெல்லிக்கு வந்த புதிதில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கு அவர் சொன்ன காரணத்திலும் நியாயம் இருந்தது. "பாறை ரெண்டு, மூணு கிலோமீட்டர் கீழ இருக்கு. குடிக்கிற தண்ணி நூறு, இருநூறு மீட்டர்ல இருக்கு. விரிசல் அவ்வளவு தூரம் மேல வராதுப்பா." பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஆபத்து அங்கே மட்டும் இல்லை. குழாயைச் சுற்றிய சிமென்ட் சரியாகப் பிடிக்காமல் போவதும், மேலே தேக்கிய நீர் சிந்துவதும்தான் பெரிய கவலை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2016 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும் இவற்றைச் சொல்கிறது. இதெல்லாம் அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

ஜோர் பாகில் உள்ள சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் அறிக்கையைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு ஒரு கேள்வி கேட்டால் கோப்பு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். எங்களுக்குச் சம்பளம் வருவது திட்டம் போடும் கம்பெனியின் பணத்தில். ஒரு முறை தள்ளிப்போனால் அடுத்த வேலையை வேறு ஆலோசகருக்குக் கொடுத்துவிடுவார்கள். இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் நிபுணர் உறுதிமொழிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டது சார் இல்லை. நான்.

அந்த வாரம்தான் ஜந்தர் மந்தரில் நம் ஊர் விவசாயிகள் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வறட்சி நிவாரணமும் கடன் தள்ளுபடியும் கேட்டார்கள். ஊரில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்த நெடுவாசல் போராட்டத்தின் சூடும் ஆறியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மோர் வாங்கிக்கொண்டு போனேன். "தம்பிக்கு என்ன வேலை?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். "ரிப்போர்ட் எழுதுற வேலைங்கய்யா" என்றேன். என்ன ரிப்போர்ட் என்று அவர் கேட்கவில்லை. என் அம்மா ஊர் திருவாரூர் பக்கம். நெடுவாசலுக்காகக் கொதித்த அதே மனசு குஜராத் ஊருக்காக நான்கு வரியைக் காப்பாற்றவில்லை.

சரி, அந்த நான்கு வரி இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? அனுமதி கிடைத்துத்தான் இருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த வரிகள் குஜராத்தியில் அந்த ஊருக்குப் போயிருக்கும்.

2020 ஜனவரியில் விதியையே மாற்றிவிட்டார்கள். எண்ணெய், எரிவாயு தேடும் துரப்பணம் பி2 பிரிவுக்குப் போனது. தாக்க அறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாம். அடுத்த மாதமே டெல்டாவைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. மனதார மகிழ்ந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை.

அந்தக் குஜராத் ஊர்க் கருத்துக் கேட்புக்கு நானும் போயிருந்தேன். பந்தலில் கடைசி வரிசை. சாலைத் தூசியைப் பற்றிக் கேட்டார்கள், வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். துரப்பணத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒரு முதியவர் கேட்டார். டேங்கரில் வரும், உங்கள் கிணற்றைத் தொடமாட்டோம் என்று கம்பெனி அதிகாரி சொன்னார். முதியவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.