x⁴ + 4-ஐ ஊகிக்காமல் காரணிப்படுத்துவது

காரைக்குடியில் ஒரு பழைய வளவு வீட்டின் முகப்பில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். x⁴ + 4-ஐக் காரணிப்படுத்த நாங்கள் படித்த வழி, 4x²-ஐக் கூட்டிக் கழிப்பது. (x² + 2)² − (2x)² என்றாகி விடை வந்துவிடும். தேவகோட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி, "4x²-ஐக் கூட்டணும்னு எப்படி மிஸ் தோணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்காகவே கலப்பெண்களை வைத்து இதை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன்.

x² + y² மெய்யெண்களில் பிரியாது. i (i² = −1) வந்தால் (x + iy)(x − iy). அதேபோல x⁴ + 4 என்பது (x² + 2i)(x² − 2i). இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் கை நிற்கும்: 2i-க்கு வர்க்கமூலம் என்ன? (1 + i)²-ஐ விரித்தால் 1 + 2i − 1, அதாவது 2i. அப்படியே (1 − i)² = −2i. ஆக மூலங்கள் நான்கு: 1 + i, 1 − i, −1 + i, −1 − i.

நான்கு ஒருபடிக் காரணிகளை இரண்டிரண்டாகச் சேர்க்க மூன்று வழி உண்டு. மூன்றையும் பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இணைக் கலப்பெண்களை (1 + i, 1 − i போல i-இன் குறி மட்டும் மாறுபவை) சேர்க்கும்போது மட்டும்தான் i மறைகிறது. (x − 1)² + 1 = x² − 2x + 2. மற்ற ஜோடி x² + 2x + 2. ஊகம் எதுவும் தேவைப்படவில்லை.

கணித மேதை லைப்னிஸே 1702-இல் x⁴ + a⁴-ஐ மெய்யெண் இருபடிக் காரணிகளாகப் பிரிக்க முடியாது என்று எண்ணினார். i-இன் வர்க்கமூலமும் (1 + i)/√2 என்ற சாதாரணக் கலப்பெண்தான் என்று தெரிந்தால் அந்தத் தடையும் போய்விடும்.

அப்புறம் ω. x⁵ + x + 1-ஐப் பார்த்தால் பிரியும் என்றே தோன்றாது. ஒன்றின் முப்படி மூலங்களில் 1 அல்லாத ஒன்றான ω-வைப் போடுங்கள். ω³ = 1 என்பதால் ω⁵ = ω²; கூட்டினால் ω² + ω + 1 = 0. ஆகவே x² + x + 1 ஒரு காரணி. வகுத்தால் மற்றது x³ − x² + 1. x⁵, x⁴, x³ என்று உறுப்புகளைக் கூட்டிக் கழித்தும் இதே விடைக்கு வரலாம், ஆனால் எதைக் கூட்டுவது என்ற அதே கேள்வி திரும்ப வரும்.

x⁵ + x − 1-க்கு ω உதவாது, −2 வரும். அங்கே −ω-வைப் போட வேண்டும்: −ω² − ω − 1 = 0. காரணிகள் x² − x + 1, x³ + x² − 1. பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.